சமாதானம் பேசியவன் துரோகி: வியட்நாம் போரில் கூட்டாளிகளின் அரசியல்

வியட்நாம் போரைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை அதை ஹனோய்க்கும் வாஷிங்டனுக்கும் நடந்த போராகவே சொல்லிவந்தன. தென் வியட்நாமின் தலைவர்கள் அந்தக் கதையில் வெறும் பெயர்களாக வந்துபோவார்கள். ஒருவர் கொல்லப்படுவார், இன்னொருவர் பதவியில் அமர்வார், கடைசியில் ஒருவர் விமானமேறுவார். கடந்த 30 ஆண்டுகளில் ஆவணக் காப்பகங்கள் திறந்து, வியட்நாமிய மொழி ஆவணங்களை நேரடியாகப் படித்தவர்கள் எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சித்திரம் மாறியது. போரின் போக்கைத் திருப்பிய மோதல்களில் பல ஒரே அணியில் இருந்தவர்களுக்குள்ளேயே நடந்திருக்கின்றன என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

ஆய்வாளர்கள் இதை வெவ்வேறு விதமாகப் பார்க்கிறார்கள். சைகோன் ஆட்சியாளர்கள் அமெரிக்காவின் கைப்பாவைகள் என்பது பழைய இடதுசாரிப் பார்வை. எட்வர்ட் மில்லர் தமது 'மிஸ்அலையன்ஸ்' (2013) நூலில் அதை மறுத்தார். தென் வியட்நாம் அதிபர் நோ டின் டியெம் தனக்கென ஒரு தேசக் கனவு வைத்திருந்தவர், அது அமெரிக்கக் கனவோடு முட்டிக்கொண்டது என்பது அவர் வாதம். ஃப்ரெட்ரிக் லோகவாலின் 'சூஸிங் வார்' (1999) வேறொரு கேள்வியை எழுப்புகிறது: 1963க்கும் 1965க்கும் இடையில் பேசித் தீர்க்க வாய்ப்புகள் இருந்தும் வாஷிங்டன் ஏன் போரைத் தேர்ந்தெடுத்தது? லியென் ஹாங் நுயெனின் 'ஹனோய்ஸ் வார்' (2012) இதே கேள்வியை ஹனோய் பக்கம் திருப்பியது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது என் கண்ணில் படுவது ஒன்றுதான். இந்தப் போரில் எந்த அணியிலும் சமாதானம் என்று வாய் திறந்தவருக்கு முதல் எதிரி தன் அணியிலேயே இருந்தான். சைகோனில் அது ஆட்சிக் கவிழ்ப்புக்குப் போதுமான காரணமாக இருந்தது. குழப்பத்துக்கு அஞ்சிய அமெரிக்கா, பேச மறுத்தவர்களையே மீண்டும் மீண்டும் தாங்கிப் பிடித்தது. பிறகு தான் பேச விரும்பிய நாளில் அவர்களே வழியை மறித்து நின்றார்கள்.

இதன் தொடக்கம் டியெம் காலத்தில் இருக்கிறது. லாவோஸை நடுநிலை நாடாக்கிய 1962 ஜெனீவா உடன்பாட்டை டியெம் மனமில்லாமல்தான் ஏற்றார். லாவோஸுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்ற அச்சம் அவரை விட்டுப் போகவில்லை. 1963 மே மாதத்தில் அவருடைய தம்பி நோ டின் நூ, நாட்டில் அமெரிக்க ஆலோசகர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள், பாதிப்பேர் போகலாம் என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிடமே சொன்னார். அதே மாதம் ஹியூ நகரில் பௌத்தர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூன் 11 அன்று துறவி திக் குவாங் டுக் சைகோன் தெருவில் தீக்குளித்தார். ஆகஸ்டில் நூவின் படைகள் விகாரைகளுக்குள் புகுந்தன.

அந்த நாட்களில் நூ, போலந்துப் பிரதிநிதி மியெசிஸ்லாவ் மனெலியைச் சந்தித்தார். 1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்க அமைந்த சர்வதேச ஆணையத்தில் இந்தியா தலைமை வகித்தது; போலந்தும் கனடாவும் உறுப்பு நாடுகள். அந்த ஆணையத்தின் இந்தியத் தலைவர் ராம்சுந்தர் கோபர்தனும் பிரெஞ்சுத் தூதர் ரோஜர் லலூயெத்தும் ஹனோய்க்கும் சைகோனுக்கும் இடையே ஒரு பாலம் போட முயன்றார்கள். நூ உள்ளபடியே சமாதானம் தேடினாரா, அமெரிக்காவை மிரட்டத்தான் அப்படிச் செய்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். எப்படியிருந்தாலும் சதியில் இறங்கியிருந்த தளபதிகளுக்கு அது கையில் கிடைத்த நியாயமாயிற்று.

அமெரிக்கத் தரப்பும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. தூதர் ஹென்றி கேபட் லாட்ஜ் டியெம் போகவேண்டும் என்றார். படைத் தளபதி பால் ஹார்கின்ஸ் இருக்கவேண்டும் என்றார். ஆகஸ்ட் 24, ஒரு சனிக்கிழமை. மூத்த அமைச்சர்கள் ஊரில் இல்லாத வேளையில் வாஷிங்டனில் சிலர் எழுதி அனுப்பிய தந்தி, ஆட்சி மாற்றத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. நவம்பர் 1 அன்று கவிழ்ப்பு நடந்தது. மறுநாள் டியெமும் நூவும் கொல்லப்பட்டார்கள். அன்று டியெமின் மாளிகையைத் தாக்கிய படைப்பிரிவின் தலைவர் நுயென் வான் தியூ. தலைமை ஏற்ற தளபதி டுவாங் வான் மின்.

மின்னின் ஆட்சி மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. அப்போது பிரெஞ்சு அதிபர் டி கால் தென்கிழக்கு ஆசியா முழுவதையும் நடுநிலைப் பகுதியாக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். மின்னைச் சுற்றியிருந்த தளபதிகள் அந்தத் திட்டத்துக்கு இணங்கப்போகிறார்கள் என்று குற்றஞ்சாட்டித்தான் நுயென் கான் 1964 ஜனவரி 30 அன்று ஆட்சியைப் பிடித்தார். 'நடுநிலைவாதி' என்ற சொல் சைகோனில் வசைச்சொல்லாகிப் போனது. அடுத்த 17 மாதங்களில் அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. 1964 டிசம்பரில் இளம் தளபதிகள் உயர் தேசிய மன்றத்தைக் கலைத்தபோது தூதர் மேக்ஸ்வெல் டெய்லர் அவர்களை அழைத்து, பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர் அதட்டுவதுபோல் அதட்டினார். அதட்டு வாங்கியவர்களில் தியூவும் இருந்தார், விமானப்படைத் தளபதி நுயென் காவ் கீயும் இருந்தார். அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. அதோடு இன்னொன்றையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்: டெய்லர் கோபப்படுவார், ஆனால் உதவியை நிறுத்தமாட்டார்.

1965 ஜூனில் தியூ நாட்டுத் தலைவரானார், கீ பிரதமரானார். கீக்கு அப்போது வயது 34. வடக்கிலிருந்து வந்தவர், பௌத்தர், விமானி உடையும் ஊதாநிறக் கழுத்துத்துணியுமாக உலாவியவர், மனதில் பட்டதைப் பளிச்சென்று பேசுபவர். தியூ நடுப்பகுதிக் கடற்கரைக்காரர், கத்தோலிக்கராக மதம் மாறியவர். பேச்சில் சிக்கனம், செயலில் பொறுமை. யாரையும் நம்பாதவர். இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். ஒருவர் ஆட்களை மற்றவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

1966 பிப்ரவரியில் லிண்டன் ஜான்சன் இருவரையும் ஹோனோலூலுவுக்கு அழைத்து, சமூகச் சீர்திருத்தம், தேர்தல், நல்லாட்சி என்று பேசினார். கீக்கு அங்கே கிடைத்தது வேறு: உலகத்தின் முன் அமெரிக்க அதிபர் தன் தோளில் கை போட்டுவிட்டார். நாடு திரும்பிய ஒரு மாதத்தில், வட மாகாணங்களில் செல்வாக்குடன் இருந்த தளபதி நுயென் சான் தியைப் பதவிநீக்கம் செய்தார். ஹியூவிலும் டா நாங்கிலும் பௌத்தர்கள் திக் திரி குவாங் தலைமையில் எழுந்தார்கள். அவர்கள் கேட்டவை தேர்தலும் மக்கள் அரசும். சைகோன் படைகளில் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு தெருவில் மோதியது. ஜூனுக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. நசுக்கச் சென்ற படைகளை அமெரிக்க விமானங்கள் டா நாங்குக்கு ஏற்றிச் சென்றன. இந்தப் போரின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் பெருந்தவறு இது என்பது என் உறுதியான எண்ணம். கம்யூனிஸ்டுகளும் அல்லாத, தளபதிகளும் அல்லாத, மக்களிடம் வேர் பிடித்த ஒரே அரசியல் சக்தி அன்று உடைக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு ஒரு மூன்றாவது தரப்பு வேண்டியிருந்த காலத்தில் அந்தத் தரப்பு சிறையில் கிடந்தது.

மற்ற நேச நாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966 அக்டோபரில் மணிலாவில் ஏழு நாட்டுத் தலைவர்கள் கூடினார்கள். பிலிப்பைன்ஸின் மார்கோஸ் விருந்தளித்தார், தென் கொரியாவின் பார்க் சுங் ஹீ, தாய்லாந்தின் தனோம், ஆஸ்திரேலியாவின் ஹெரால்டு ஹோல்ட், நியூசிலாந்தின் ஹோலியோக் ஆகியோர் வந்திருந்தார்கள். வியட்நாமுக்குப் படை அனுப்புவதை எதிர்க்கட்சியில் இருந்தபோது எதிர்த்த மார்கோஸ், அதிபரானதும் பொறியாளர் படையை அனுப்பினார். அமெரிக்கா செலவை ஏற்றது. ஏறத்தாழ 50,000 வீரர்களை வியட்நாமில் நிறுத்தியிருந்த தென் கொரியா, பதிலுக்கு ஆயுதம், ஒப்பந்தங்கள், கடன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டது. ஆயினும் 1968 ஜனவரியில் வட கொரிய அதிரடிப்படை சியோல் அதிபர் மாளிகை வரை வந்து, இரண்டு நாளில் அமெரிக்காவின் பியூப்லோ கப்பலும் பிடிபட்டபோது, அமெரிக்கா சியோலை ஒதுக்கிவிட்டு வட கொரியாவுடன் நேரே பேசியது. பார்க் கொதித்தார். அவரைத் தணிக்க சைரஸ் வான்ஸ் பறந்தார். அதே வான்ஸ் சில மாதங்களில் பாரிஸில் ஹனோயுடன் பேச உட்கார்ந்தார் என்பதை சைகோன் கவனிக்காமல் இருந்திருக்காது.

படை தராத நண்பர்கள் சமாதானம் பேசினார்கள், அதற்கான தண்டனையும் பெற்றார்கள். 1965 ஏப்ரலில் கனடாப் பிரதமர் லெஸ்டர் பியர்சன் குண்டுவீச்சைச் சிறிது நிறுத்தலாமே என்று அமெரிக்க மண்ணிலேயே பேசினார். மறுநாள் ஜான்சன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். 1967 பிப்ரவரியில் சோவியத் பிரதமர் கோசிகின் லண்டன் வந்தபோது பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் ஒரு சமரச வாசகத்தை அவரிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு வாஷிங்டன் அதை மேலும் கடுமையாக மாற்றியது; வில்சன் விருந்தினர் முன் தலைகுனிந்து நின்றார். அதற்கு முன் 1966 டிசம்பரில், போலந்து, இத்தாலித் தூதர்கள் வழியாக வார்சாவில் நடக்கவிருந்த நேரடிச் சந்திப்பு, ஹனோய் மீது விழுந்த குண்டுகளால் நின்றுபோனது. அந்த முயற்சியே சைகோன் அரசுக்குத் தெரியாமல் நடந்தது.

1967இல் தேர்தல் வந்தது. தியூ, கீ இருவருமே அதிபர் பதவிக்குப் போட்டியிட விரும்பினார்கள். இராணுவம் இரண்டாகப் பிளக்கும் என்று அமெரிக்கத் தூதர் எல்ஸ்வொர்த் பங்கர் அஞ்சினார். ஜூன் இறுதியில் தளபதிகள் கூடி வாதாடி, கடைசியில் கீ துணை அதிபர் வேட்பாளராக இறங்கிவந்தார். திரைக்குப் பின்னால் இராணுவக் குழு வழியாகத் தானே ஆளலாம் என்று அவர் கணக்குப் போட்டார். செப்டம்பர் 3 அன்று இந்த இணை பெற்ற வாக்கு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். இரண்டாவதாக வந்தவர், அதிகம் அறியப்படாத வழக்கறிஞர் துருவாங் டின் ஸூ. வெள்ளைப் புறா சின்னத்தில், பேச்சுவார்த்தை வேண்டும் என்று சொல்லி 17 விழுக்காடு வாங்கினார். மறு ஆண்டே கடுங்காவல் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். தான் காக்க வந்த ஜனநாயகத்தில் இரண்டாமிடம் பெற்ற வேட்பாளர் சிறையில் இருக்க, அமெரிக்கா அந்த அரசைத் தொடர்ந்து தாங்கியது.

1968 தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் டெட் தாக்குதல் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. தாக்குதல் தொடங்கிய இரவில் தியூ தலைநகரில் இல்லை, கீ இருந்தார்; அதனால் சில வாரங்கள் கீயின் கை ஓங்கியது. ஆனால் மே மாதத்தில் அவருடைய வலக்கரமான காவல்துறைத் தலைவர் நுயென் ங்கோக் லோன் படுகாயமடைந்தார். ஜூன் 2 அன்று சோலோன் பகுதியில் அமெரிக்க ஹெலிகாப்டரின் ராக்கெட் தவறி விழுந்து கீயின் முக்கிய ஆட்கள் பலர் இறந்தார்கள். தவறா சதியா என்று சைகோன் பல மாதம் பேசியது. தியூ அந்த இடங்களில் தன் ஆட்களை அமர்த்தினார்.

இந்தச் சூழலில்தான் அந்த ஆண்டு அக்டோபரைப் படிக்கவேண்டும். பாரிஸில் அமெரிக்கப் பிரதிநிதிகளான ஹாரிமனும் வான்ஸும் ஹனோயுடன் உடன்பாட்டை நெருங்கினார்கள். அக்டோபர் 31 அன்று ஜான்சன் குண்டுவீச்சை முற்றிலும் நிறுத்தினார். நவம்பர் 2 அன்று தியூ, தன் அரசு பாரிஸுக்குப் போகாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று நாள் கழித்து ரிச்சர்ட் நிக்சன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். நிக்சனின் ஆட்கள் இடைத்தரகர் ஆனா செனால்ட் வழியாகவும் சைகோனின் தூதர் புய் டியெம் வழியாகவும், பொறுத்திருங்கள், எங்களிடம் இதைவிட நல்லது கிடைக்கும் என்று சைகோனுக்குச் சொல்லிவந்தார்கள். ஜான்சனுக்கு இது ஒட்டுக்கேட்பு வழியே தெரிந்திருந்தது; சொன்னால் ஒட்டுக்கேட்பும் வெளிப்படும் என்று வாய்மூடிக்கொண்டார். நிக்சன் கடைசிவரை மறுத்தார். அவருடைய உதவியாளர் ஹால்டெமன் 1968 அக்டோபர் 22 அன்று எழுதிவைத்த குறிப்புகளை ஜான் ஃபாரல் கண்டெடுத்து 2017இல் வெளியிட்ட பின், அந்த மறுப்பு நிற்கவில்லை.

ஆனால் தியூ மறுத்ததற்கு அது மட்டும் காரணமா? பல அமெரிக்க எழுத்தாளர்கள் நிக்சனின் சதியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் நான் வேறுபடுகிறேன். தெற்கில் ஹனோயின் கூட்டாளியான தேசிய விடுதலை முன்னணியைச் சமமான தரப்பாக ஏற்று தியூ அந்த மேசைக்குப் போயிருந்தால், சைகோனில் காத்திருந்த துணை அதிபருக்கும் தளபதிகளுக்கும் அதுவே போதும். நடுநிலைவாதம் என்ற ஒரே குற்றச்சாட்டில் முந்தைய ஆட்சி விழுந்ததை அவர் கண்ணெதிரே பார்த்தவர். செனால்ட் இல்லாமலும் தியூ மறுத்திருப்பார். ஒருவேளை இவ்வளவு துணிச்சலாக மறுத்திருக்கமாட்டார். பிறகு டிசம்பரில், பாரிஸுக்கு அனுப்பும் குழுவின் பொறுப்பைக் கீயிடமே கொடுத்தார். சமாதானம் பேசும் பழி போட்டியாளரின் தலையில் விழுந்தது. மேசை வட்டமா சதுரமா என்ற தகராறு ஜனவரி நடுப்பகுதி வரை நீண்டது. அந்த வாரங்களிலும் களத்தில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நிக்சனுக்குத் தான் செய்த உதவிக்குப் பலன் கிடைக்கும் என்று தியூ நம்பியிருக்கவேண்டும். 1969 ஜூன் 8 அன்று மிட்வே தீவில் அவருக்குக் கிடைத்தது 25,000 வீரர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு. ஆகஸ்டில் நிக்சனின் ஆலோசகர் கிஸிங்கர் ஹனோயுடன் இரகசியப் பேச்சைத் தொடங்கினார். 1971 மே மாதம், வட வியட்நாம் படைகளும் தெற்கிலிருந்து வெளியேறவேண்டும் என்ற நிபந்தனையை அந்த இரகசிய அறையில் அமெரிக்கா கைவிட்டது. அதன் முழுப்பொருள் தனக்குச் சொல்லப்படவே இல்லை என்பது தியூ கடைசிவரை வைத்திருந்த குறை. அதே ஆண்டு தேர்தலில் கீயையும் மின்னையும் புதிய சட்டத்தாலும் அதிகாரத்தாலும் ஓரங்கட்டி, தனி வேட்பாளராக நின்று 94 விழுக்காடு பெற்றார். பங்கர் வருந்தினார். உதவி நிற்கவில்லை.

ஹனோய் பக்கமும் இதே நோய்க்கு விலக்கல்ல. 1967இல் ஹனோய்த் தலைவர்கள் லே துவானும் லே டுக் தோவும், பேச்சுவார்த்தையையும் மிதமான போர்முறையையும் ஆதரித்தவர்களைத் திருத்தல்வாதிகள் என்று முத்திரை குத்திச் சிறையிட்டார்கள். அவர்களில் தளபதி ஜியாப்புக்கு நெருக்கமானவர்களும் இருந்தார்கள். சீனா 1965 முதல் 1969 வரை மொத்தம் 3,20,000 துணைப்படையினரை அனுப்பியது. அதே சீனா, பாரிஸ் பேச்சைத் தொடங்கியதற்காக ஹனோயைக் கண்டித்தது. சோவியத் ஏவுகணைகள் சீன ரயில்பாதையில் வரும்போது தகராறு எழுந்தது. ஹனோய் இருவரிடமும் வாங்கியது, இருவருக்கும் கட்டுப்படவில்லை. சைகோனால் ஒருபோதும் செய்ய முடியாதது இது, ஏனெனில் சைகோனுக்கு இரண்டாவது புரவலர் இல்லை. ஆனால் 1972 பிப்ரவரியில் நிக்சன் மாவோவின் கையைக் குலுக்கியபோது, ஹனோய்க்கும் தியூ அறிந்த அதே கசப்பு கிடைத்தது.

1972 அக்டோபர் 8 அன்று லே டுக் தோ ஒரு வரைவை நீட்டினார். தியூ பதவி விலகவேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. வடக்கின் படைகள் தெற்கிலேயே இருக்கலாம். பத்து நாளில் கிஸிங்கர் அதை எடுத்துக்கொண்டு சைகோன் வந்தார். தியூ அழுதார், கத்தினார், மறுத்தார். தன் நாட்டின் முடிவை முதலில் எதிரியின் கட்சி ஊழியர்களும் பிறகு தானும் அறிந்ததாக அவர் நம்பினார். 69 திருத்தங்களைக் கேட்டார். நவம்பரில் அவற்றை கிஸிங்கர் பாரிஸில் வைத்தார்; டிசம்பரில் பேச்சு முறிந்தது. டிசம்பர் 18 முதல் 29 வரை ஹனோய், ஹைபோங் மீது பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. அந்தக் குண்டுகளில் ஒரு பங்கு ஹனோயை மேசைக்கு இழுக்க, இன்னொரு பங்கு தியூவுக்கு நம்பிக்கை தர என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கூட்டாளியின் மனத்தைத் தேற்ற இன்னொரு ஊரின் மருத்துவமனையும் தெருக்களும் அழிந்தன என்பதை எந்த இராஜதந்திரக் கணக்காலும் என்னால் ஏற்கமுடியவில்லை.

1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தான உடன்பாடு அக்டோபர் வரைவிலிருந்து பெரிதாக மாறவில்லை. தியூவைக் கையெழுத்திட வைத்தவை நிக்சனின் கடிதங்கள். ஹனோய் உடன்பாட்டை மீறினால் முழு வலிமையோடு பதிலடி தருவோம் என்று 1973 ஜனவரி 5ஆம் தேதிக் கடிதம் உறுதி சொன்னது. காங்கிரஸுக்கு அதைக் காட்டவில்லை. சைகோன் மக்களும் அறியவில்லை. அதற்கு முந்தைய ஆகஸ்டில் இதே நிக்சனும் கிஸிங்கரும், ஓரிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் போதும் என்று தங்களுக்குள் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நிக்சன் ஏமாற்றினாரா, அல்லது வாட்டர்கேட்டும் 1973 ஆகஸ்ட் 15க்குள் குண்டுவீச்சை நிறுத்திய காங்கிரஸும் அவர் கையைக் கட்டினவா என்று லாரி பெர்மனும் ஜெஃப்ரி கிம்பலும் வேறுவேறு விடை தருகிறார்கள். அந்த நாடாவைக் கேட்டபின் என் சாய்வு கிம்பலின் பக்கம்.

1975 ஏப்ரல் 21 அன்று தியூ, அமெரிக்கா வாக்குத் தவறியது என்று தொலைக்காட்சியில் குற்றஞ்சாட்டிப் பதவி விலகினார். ஏப்ரல் 28 அன்று டுவாங் வான் மின்னை அதிபராக்கினார்கள். ஹனோயுடன் பேசக்கூடியவர் என்பதே அவருக்கிருந்த தகுதி. 1964இலும் 1971இலும் அதே காரணத்துக்காக அவர் ஓரங்கட்டப்பட்டிருந்தார். இப்போது பேச எதுவும் மிச்சமில்லை. இரண்டு நாளில் சரணடைவை அறிவித்தார்.

வென்ற அணியின் தெற்குக் கூட்டாளிகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் நுயென் தி பின் அம்மையார் கையெழுத்திட்டது தென் வியட்நாமின் தற்காலிகப் புரட்சி அரசின் பெயரில். தெற்குக்குத் தனி அரசு, பல தரப்புகளும் சேர்ந்த கூட்டணி, படிப்படியான இணைப்பு என்பவை அந்த அரசு உலகுக்குச் சொன்ன வாக்குறுதிகள். 1976 ஜூலை 2 அன்று நாடு ஒன்றானது. அந்த அரசு கலைந்தது. அதன் நீதி அமைச்சராக இருந்த துருவாங் நூ தாங் சில ஆண்டுகளிலேயே படகேறித் தப்பி பாரிஸ் சேர்ந்தார். ஹனோய் தெற்கின் தோழர்களை எப்படிப் பயன்படுத்திப் பிறகு ஒதுக்கியது என்பதை 1985இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகள் விரிவாகச் சொல்கின்றன. அவற்றை, சைகோனின் தூதராக இருந்த புய் டியெமின் 1987ஆம் ஆண்டு நினைவுக் குறிப்புகளோடு பக்கத்தில் வைத்து இன்றைய ஆய்வாளர்கள் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.